பறவைக்காக கடலோர நிலத்தை காசு குடுத்து வாங்கணுமா, சட்டம் போட்டா பத்தாதா?

டெக்சாஸ்ல பத்தாதுங்க, அங்க முக்காவாசி நிலம் தனியார் கையிலதான். வூப்பிங் கிரேன்னு ஒரு பெரிய வெள்ளைக் கொக்கு, கனடால இருந்து சுமார் 4000 கிலோமீட்டர் பறந்து டெக்சாஸ் கடலோரம் அரான்சாஸ்ங்கற இடத்துப் பக்கம் உப்புச் சதுப்புக்கு வருது, நண்டு தின்னு குளிர்காலத்த ஓட்டுது. 1941ல மொத்தமே இருபது சொச்சம்தான் மிச்சம், இப்ப எண்ணிக்கை ஏறுது, ஆனா இடம் ஏறலையே! கடல் மட்டம் உயர்ந்தா சதுப்பு உள்ள நகரணும், அங்க ரிசார்ட்டும் வீட்டு மனையும் நின்னா எங்க நகரும்? அதான் பக்கத்துல இருந்த பவுடர்ஹார்ன் பண்ணைய, 17,000 ஏக்கருக்கு மேல, 2014ல 37.7 மில்லியன் டாலருக்கு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புங்க வாங்குனாங்க. காசு யாரோடதுன்னு பாருங்க, பெரும்பகுதி 2010ல மெக்சிகோ வளைகுடாவுல நடந்த எண்ணெய்க் கசிவு வழக்குல கம்பெனிங்க கட்டுன பணம். அப்புறம் பெரும்பகுதி நிலம் மாநில வனவிலங்குத் துறைக்குப் போயிடுச்சு.