ஐம்பது ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ப் பொருளோடு வரிசையாகப் பாடமாக்குகிறேன். இப்படிச் சொற்பயிற்சி செய்தால் ஆங்கிலச் சொல்வளம் உண்மையிலேயே கூடுமா? ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்கலாம்?

கூடும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற மாதிரி, ஐம்பது சொல்லைத் தமிழ்ப் பொருளோடு வரிசையாகப் பாடமாக்கினால் கூடாது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கம்பஸ் அனுமதிக்குக் காத்திருப்பவர் என்று நினைத்துத்தான் பதில் சொல்கிறேன். நான் ஆங்கில ஆசிரியர் இல்லை. இலங்கையின் வடக்கில், விசுவமடுவில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை, விவசாயம் படித்தவன்.

போர் முடிந்து 2010இல் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது நான் பத்தாம் ஆண்டு. தகரக் கொட்டகைதான் வகுப்பறை. ஆங்கிலத்துக்கு வந்த ஒரே ரீச்சரும் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்து வளவு அக்காதான் எங்கள் ஐந்து பேரையும் பின்னேரத்தில் கூப்பிட்டு இருத்திப் படிப்பித்தார். மின்சாரம் இன்னும் வரவில்லை, குப்பி விளக்குத்தான். பால்மாப் பெட்டிகளை வெட்டி அட்டை செய்வோம். ஒரு பக்கம் சொல். மறுபக்கம் தமிழ்ப் பொருள் எழுத விடமாட்டார். வீட்டைப் பற்றியோ வயலைப் பற்றியோ நாங்களே ஒரு வசனம் எழுதி, அந்தச் சொல் வருகிற இடத்தைக் கீறிட்டு விட வேண்டும்.

ஒருநாள் 'இன்ஸ்பெக்ட்' என்ற அட்டைக்கு நான் 'பார்த்தல்' என்றேன்.

"வரம்பில நிண்டு வயலைப் பாக்கிறது லுக். கொப்பா குனிஞ்சு, இலையைப் பிரட்டி, புழு இருக்கோ எண்டு பாக்கிறாரெல்லே, அதுதான் இன்ஸ்பெக்ட்" என்றார் அக்கா.

அந்தச் சொல் பிறகு மறக்கவே இல்லை. 'ஸ்பெக்ட்' என்றால் லத்தீனில் பார்ப்பது என்று சொல்லி, ரெஸ்பெக்ட், சஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர், ஸ்பெக்டகிள்ஸ் எல்லாவற்றையும் ஒரே கட்டில் சேர்க்க வைத்தார். 'போர்ட்' சுமப்பது: இம்போர்ட், எக்ஸ்போர்ட், ட்ரான்ஸ்போர்ட். எல்லாச் சொல்லிலும் வேர் பொருளை இவ்வளவு தெளிவாகக் காட்டாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் பிடித்து ஏற ஒரு கொப்புக் கிடைக்கும்.

இன்னொரு நாள் 'ஸ்ட்ரோங் ரெயின்' என்று எழுதிக்கொண்டு போனேன். அக்கா சிவப்பால் வெட்டவில்லை. "தேத்தண்ணிக்குச் சாயம் கூடும். மழைக்குக் கூடுமோ?" என்று கேட்டார். மழைக்கு ஹெவி, காற்றுக்கும் தேத்தண்ணிக்கும் ஸ்ட்ரோங். சொல் தன் சோடியோடுதான் வரும் என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். ஆகவே கீறிட்ட இடம் நிரப்புகிற பயிற்சியில் விடையைப் போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடாதீர்கள். சொல்லுக்கு முன்னும் பின்னும் எது நிற்கிறது என்று பாருங்கள்.

அட்டைகளை அடுத்த நாள் ஒருக்கா, மூன்றாம் நாள் ஒருக்கா, ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா கேட்பார். பிழைத்தது மறுபடி முதலிலிருந்து. எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மனியர், பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, படித்தது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்று அளந்து 1885இலேயே எழுதியிருக்கிறார் என்பதைப் பிற்பாடுதான் வாசித்தேன். இதற்கெல்லாம் இப்போது செயலி இருக்கிறதே என்பீர்கள். பாவியுங்கள், வசனத்தை மட்டும் நீங்களே எழுதுங்கள்.

ஆங்கிலம் தெரியாதவன் குறைந்தவன் என்று நான் சொல்லவில்லை. மொழியால் படுகிற பாடு எனக்குத் தெரியும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் சேர்த்தாயிற்று. ஆனால் எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதத்தில் ஒரு வரி தமிழ் இல்லை, முழுக்கச் சிங்களம். வாசித்துச் சொல்ல ஆள் தேடிப் பரந்தன் வரை போய் வருவதற்குள் திகதி கடந்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் எண்ணிக்கைக்கு வருகிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில், முதல் வருட விரிவுரைகளில் என்னைத் திணறடித்தவை விவசாயச் சொற்கள் அல்ல. அனலைஸ், அசியூம், சிக்னிபிகன்ட், கொன்ட்ராஸ்ட் மாதிரி எல்லாப் பாடத்திலும் வருகிறவைதான். அவெரில் கொக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் இப்படிப்பட்டவை 570 குடும்பங்களாக இருக்கின்றன; ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்ததுதான் ஒரு குடும்பம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நாளுக்கு ஐந்து குடும்பம் போதும், நான்கு மாதத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். கம்பஸ் தொடங்க முன்னம் உங்களுக்கு அவ்வளவு நேரம் இருக்கும்.