கட்டில் வேண்டாம், சம்பளத்துக்கு உதவுங்கள் என்கிறார்களே?

கேள்வி: என் தாயார் தம் கடைசி மூன்று வாரங்களை எங்கள் பகுதியில், குணமாக்க முடியாத நோயாளிகளை இறுதிக் காலத்தில் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் ஒன்றில் கழித்தார். அவர் நினைவாக ஒரு கட்டில் வாங்கித் தரச் சென்றபோது, “கட்டில்கள் இருக்கின்றன, ஆள் இல்லாமல் நான்கை மூடி வைத்திருக்கிறோம். முடிந்தால் செவிலியர் சம்பளத்துக்கு உதவுங்கள்” என்றார்கள். கொடுக்கும் பணம் சம்பளத்தில் கரைந்துபோவதை மனம் ஏற்கவில்லை. நிர்வாகத்தைச் சந்தேகிப்பது தவறா?

பதில்: கட்டிலில் தாயாரின் பெயரைப் பொறிக்கலாம், சம்பளத்தில் பொறிக்க முடியாது, உங்கள் தயக்கம் இயல்பானதே. ஆனால் அவர்கள் கேட்டதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

இறுதி நாட்களில் இருக்கும் ஒருவரின் ஓர் இரவை எண்ணிப் பாருங்கள். தோலுக்கடியில் செருகிய மெல்லிய ஊசி வழியாகச் சிறிய பம்ப் ஒன்று மார்ஃபினைச் சிறிது சிறிதாகச் செலுத்திக்கொண்டிருக்கும். அது சரியாக ஓடுகிறதா, ஊசி ஏறிய இடம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கைப் புண் வராமலிருக்க, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இருவர் சேர்ந்து மெதுவாகத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். உலர்ந்த உதடுகளை ஈரப் பஞ்சால் ஒற்ற வேண்டும். மூச்சில் கேட்கும் கரகரப்பைக் கண்டு பதறும் மகளிடம், அது பெரும்பாலும் நோயாளிக்கு வேதனை தருவதில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டும். இவற்றில் பம்பைத் தவிர மற்ற எல்லாமே மனிதர்களின் நேரம். அந்த நேரத்துக்குத்தான் பணம் கிடைப்பதில்லை.

நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தின் தொடக்கமே ஒரு நன்கொடைதான். 1948-இல் லண்டனில் இறந்த டேவிட் டாஸ்மா என்ற அகதி, தம்மைக் கவனித்துக்கொண்ட சிசிலி சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு விட்டுச் சென்றார். சாண்டர்ஸ் கனவு கண்ட செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறக்க 1967 வரை ஆயிற்று. இன்றும் பிரிட்டனில் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களுக்கு அரசிடமிருந்து வருவது சராசரியாக வருவாயில் மூன்றில் ஒரு பங்கு அளவே. மற்றதை உயில்களும் நன்கொடைகளும் பழம்பொருள் விற்பனைக் கடைகளும் ஈட்ட வேண்டும். ஓர் ஆண்டு பெரிய உயில் ஒன்று வரும், மறு ஆண்டு எதுவும் வராது. சம்பளமோ மாதந்தோறும் கொடுத்தாக வேண்டும். 2024 டிசம்பரில் இங்கிலாந்தின் ஹாஸ்பிஸ்களுக்கு 10 கோடி பவுண்டு அறிவிக்கப்பட்டபோது, அது கட்டடங்களுக்கும் உபகரணங்களுக்குமான தொகையாக இருந்தது. அடுத்த ஏப்ரலிலேயே ஊழியர்களுக்காக முதலாளிகள் செலுத்தும் தேசியக் காப்பீட்டு விகிதம் 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்ந்தது, ஹாஸ்பிஸ்களுக்கும் சேர்த்துத்தான். கூரையைப் புதுப்பிக்கப் பணம் வந்தது, அதன் கீழே வேலை செய்பவர்களுக்கான செலவு கூடியது. நீங்கள் கட்டில் கொடுக்க நினைத்ததும் ஏறக்குறைய இதே கதைதான் என்று சொன்னால் வருந்த மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சந்தேகம் இருந்தால் தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கையிருப்பு எத்தனை மாதச் செலவைத் தாங்கும் என்பதை முதலில் பாருங்கள். சம்பளத்தின் பங்கு பெரிதாக இருப்பதைக் குறையாகக் கருதாதீர்கள்.

கேள்வி: இதையெல்லாம் பொது மருத்துவமனைகளே செய்துவிடலாமே?

பதில்: செய்ய வேண்டும், பல இடங்களில் செய்கிறார்கள். ஆனால் ஹாஸ்பிஸில் ஒரு படுக்கை மூடப்பட்டால் அந்த நோயாளி மறைந்துவிடுவதில்லை; வலி தாங்காத ஓர் இரவில் ஆம்புலன்ஸில் அவசரப் பிரிவுக்கு வருகிறார், அவருக்குப் பயன்படாத பரிசோதனைகள் தொடங்குகின்றன. அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சை (வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை) பெற்றவர்களுக்குக் கடைசிக் காலத்தில் கடுமையான மருத்துவம் குறைவாகவே தரப்பட்டது. அப்படியும் அவர்கள் 11.6 மாதங்கள் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதங்கள். நோய்த்தணிப்புச் சிகிச்சை தேவைப்படுவோரில் சுமார் 14 சதவீதத்தினருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதல் கேள்வி கேட்ட வாசகிக்கு இன்னொன்று: ஒரே தவணையில் பெருந்தொகை தருவதைவிட, மாதந்தோறும் சிறு தொகை தாருங்கள். அதை நம்பித்தான் அவர்களால் இன்னொரு செவிலியரை வேலைக்கு எடுக்க முடியும். படிவத்தில் தாயாரின் பெயரை எழுதுங்கள். ‘எந்தச் செலவுக்கு’ என்று கேட்கும் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டுவிடுங்கள்.