பிளின்ட்லாக் வாங்கும்போது பூவேலைப்பாட்டைக் கடைசியாகப் பாருங்கள்

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் பிளின்ட்லாக் (சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் பழைய துப்பாக்கி) மான் வேட்டைக்காகப் பழைய பாணியில் ஒரு நீளத் துப்பாக்கி செய்து வாங்க நினைக்கிறேன். குழலையும் லாக்கையும் (பொறி உண்டாக்கி வெடிமருந்தைப் பற்றவைக்கும் அமைப்பு) வெளியில் வாங்கித்தான் பொருத்துவதாகச் செய்பவர் சொல்கிறார். அப்படியானால் அது கைவேலையா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கைவேலைதான். 18ஆம் நூற்றாண்டில் உங்கள் மாநிலத்து லான்காஸ்டர் வட்டாரத் துப்பாக்கிக் கொல்லர்களே ஐரோப்பாவிலிருந்து வந்த லாக்குகளை வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள். இரும்புப் பட்டையைக் காய்ச்சிக் குழல் அடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே பட்டறையில் செய்வதை வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் போன்ற வெகு சில இடங்களில்தான் பார்க்கலாம். மற்றவர்களின் கைத்திறனை லாக்கைச் சரிசெய்து பொருத்தியதிலும் மரத்திலும்தான் தேட வேண்டும்.

முதலில் லாக். பொறி கல்லிலிருந்து பறப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சக்கிமுக்கிக் கல்லின் விளிம்பு எஃகுத் தகட்டைச் சீவுகிறது. சீவப்பட்ட எஃகுத் துகள்தான் காற்றில் எரிகிறது. எனவே தகட்டின் பதம் முக்கியம். மென்மையாக இருந்தால் கல் அதில் பள்ளம் பறிக்கும். மிகக் கடினமாக இருந்தால் வழுக்கிப்போகும். துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, அரையிருட்டில் விசையை இழுத்துப் பார்க்கக் கேளுங்கள். பொறிகள் கொத்தாகக் கிண்ணிக்குள் (குழலின் பக்கத்தில் பற்றவைக்கும் மருந்தை இடும் சிறு கிண்ணம்) விழ வேண்டும். வெளியே சிதறினால் லாக் இன்னும் பட்டறையிலேயே இருக்க வேண்டியது.

அடுத்து மரம். லாக் உட்காரும் குழியைச் செதுக்கும்போது லாக்கின் மீது விளக்குப் புகைக்கரி தடவி மரத்தில் அழுத்துவார்கள். கரி ஒட்டிய மேடுகளை மட்டும் மெல்லச் சீவி, மறுபடியும் அழுத்துவார்கள். நாள் முழுக்க இதே வேலைதான். லாக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலையில் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே காகிதம்கூட நுழையாது. தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அலைவரி மேப்பிள் கட்டையில் நைட்ரிக் அமிலக் கரைசலைப் பூசிச் சூடுகாட்டினால் வரிகள் எழும்பி நிற்கும், கண்ணைப் பறிக்கும். அதில் மயங்கி, கை பிடிக்கும் ஒடுங்கிய பகுதியைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். அங்கே நார் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கீழே விழும் அன்றே கட்டை முறியும்.

1974இல் தொடங்கிய, நீங்கள் சொல்லும் வேட்டைக்காலத்தில் பிளின்ட்லாக் மட்டுமே செல்லும். மானுக்குக் குழல் விட்டம் .44 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறிபார்க்கும் அமைப்புக்கும் விதிகள் உண்டு. நடப்பு ஆண்டு விதியைப் படித்தபின் ஆர்டர் கொடுங்கள்.

கரும்மருந்து அல்லது அதற்கென விற்கும் மாற்று மருந்து தவிர வேறெதையும் போடாதீர்கள். புகையில்லா மருந்து குழலை வெடித்துச் சிதறடிக்கும். கிண்ணி மருந்து, குழலுக்குள் தீ போகும் பக்கத் துளையை மூடும்படி குவியக் கூடாது. மூடினால் திரிபோல நின்று எரிந்து வேட்டு தாமதமாகும், அதற்குள் மான் போய்விடும்.

பணம் இடித்தால் வெள்ளிப் பதிப்பையும் கட்டையில் பதிக்கும் பித்தளைப் பெட்டியின் பூவேலையையும் விட்டுவிடுங்கள். லாக்கில் மட்டும் பேரம் பேச வேண்டாம்.