எஞ்சின் முன்னாலா, பின்னாலா? வளைவில் காரின் குணம் – கேள்வி பதில்

கேள்வி: எஞ்சின் எங்கே இருந்தால் என்ன, எந்தச் சக்கரம் வண்டியை நகர்த்தினால் என்ன? ஓட்டுகிறவருக்கு அது தெரியவா போகிறது?

நேர் ரோட்டில், நிதானமான வேகத்தில் தெரியாது. வளைவில் தெரியும், அதுவும் மழை பெய்திருந்தால் நன்றாகவே தெரியும்.

ஒரு டயர் தரையைப் பிடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. இழுப்பது, திரும்புவது, பிரேக் பிடிப்பது எல்லாம் அந்த எல்லைக்குள்தான் நடக்க வேண்டும். ஃப்ரன்ட் வீல் டிரைவ் காரில் முன் டயர்கள் வண்டியை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். வளைவுக்குள் ஆக்சிலேட்டரை ஏறி மிதித்தால் இழுப்பதற்கே பிடிப்பெல்லாம் போய்விடும். ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி வெளிப்பக்கமாகவே போகும். இதுதான் அண்டர்ஸ்டியர். ரியர் வீல் டிரைவில் முன் டயர் திருப்பும், பின் டயர் தள்ளும். அங்கே அதிகமாக மிதித்தால் வால் வெளியே வீசும். அது ஓவர்ஸ்டியர்.

முதல் வகையில் ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தாலே பெரும்பாலும் வண்டி வழிக்கு வந்துவிடும். இரண்டாவதில் எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரணக் குடும்பக் கார்களை அண்டர்ஸ்டியர் ஆகும்படியே வடிவமைப்பது இதனால்தான்.

கேள்வி: கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போகிறோம் அண்ணா. என்னிடம் ஸ்விஃப்ட், மாமாவிடம் பழைய இன்னோவா. 70 கொண்டை ஊசி வளைவுக்கு எது நல்லது?

இரண்டுமே ஏறும் தம்பி. ஆனால் ஏறுகிற விதம் வேறு. ஏற்றத்தில் எடை பின்னால் சாயும். மாமாவின் இன்னோவா ரியர் வீல் டிரைவ். பின்னால் ஆட்களும் பெட்டிகளும் ஏறினால் தள்ளுகிற சக்கரத்தின் மேல் கனம் கூடி, பிடிப்பும் கூடும். (இப்போது வரும் ஹைக்ராஸ் அப்படியில்லை, அது ஃப்ரன்ட் வீல் டிரைவ்.) ஸ்விஃப்ட்டில் இழுக்க வேண்டிய முன் சக்கரங்கள் லேசாகிவிடும். ஈரமான வளைவில் உள்பக்க முன் சக்கரம் 'சர்ர்' என்று சும்மா சுற்றுவது அதனால்தான். அங்கே இன்னும் மிதிக்காதீர்கள், கொஞ்சம் விடுங்கள், தானே பிடிக்கும். சேற்று மேட்டில் ஃப்ரன்ட் வீல் டிரைவ் கார் ஏற மறுத்தால் ரிவர்ஸில் ஏற்றுவது பழைய டிரைவர்களின் வித்தை. ரிவர்ஸில் போனால் எடை சாய்வது இழுக்கும் சக்கரத்தின் பக்கம்.

இறக்கத்தில் கணக்கு மாறும். எடை முன்னால் வந்துவிடும், வால் லேசாகும். இன்னோவாவில் எஞ்சின் பிரேக்கிங் (ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுப்பது) விழுவதோ அந்த லேசான பின் டயர்களில். நனைந்த வளைவின் நடுவில் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போட்டு கிளட்சைப் படக்கென்று விட்டால் வால் ஒரு குலுக்கு குலுக்கும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடச் சொல்லுங்கள் மாமாவை.

கேள்வி: நானோவுக்கும் போர்ஷே 911-க்கும் எஞ்சின் பின்னால்தான். அப்போது இரண்டும் ஒரே மாதிரி ஓடுமா?

சிரிக்காமல் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல கேள்வி. இரண்டுக்கும் பிரச்சினை ஒன்றுதான்: கனமான வால். வளைவில் பின்பக்கம் பிடிப்பை இழந்தால் அந்தக் கனமே வண்டியைச் சுழற்றிவிடும். 911-ல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின் சக்கரங்களின் மேல்தான். லாபமும் உண்டு. கிளம்பும்போது நல்ல பிடிப்பு. பிரேக் போட்டு எடை முன்னால் போனாலும் பின் டயர்களுக்குக் கனம் மிஞ்சியிருப்பதால் நான்கும் சேர்ந்து நிறுத்தும். ஆனால் பழைய 911-ல் வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் வால் முன்னால் வரப் பார்க்கும். 1969 மாடலில் எஞ்சினை அங்கேயே வைத்துவிட்டுப் பின் சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். அதிலேயே குணம் கொஞ்சம் அடங்கியது. 1975-ல் வந்த டர்போவில் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்துச் சக்தியைக் கூட்டும் வகை) மறுபடி தலைவலி. டர்போ தாமதமாக விழித்துக்கொண்டு வளைவின் பாதியில் மொத்த சக்தியையும் கொட்டும்.

நானோவில் 624 சிசி இரண்டு சிலிண்டர் எஞ்சினைப் பின்னால் வைத்தது வேகத்துக்காக இல்லை. சிறிய காரில் ஆட்களுக்கு இடம் வேண்டும், பின்னால் வரை நீளமான ஷாஃப்ட் போடும் செலவும் மிச்சம். வாலை அடக்க டாட்டா செய்தது எளிமையான காரியம்: முன் டயர் 135 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 155. முன்பக்கம் முதலில் வழுக்கட்டும் என்ற ஏற்பாடு. நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று முன்னாலும் அகல டயர் மாட்டுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைத்தான் கலைக்கிறார்கள்.

இதையே அமெரிக்காவில் 1960-ல் வந்த செவ்ரோலே கோர்வேர் என்ற பின் எஞ்சின் காரில் டயரின் காற்றழுத்தத்தை வைத்துச் செய்தார்கள்: முன்னால் 15 பிஎஸ்ஐ, பின்னால் 26. டயர் கடையில் அதை யார் கேட்டார்கள்? நான்குக்கும் ஒரே அளவு அடித்து அனுப்பினால் அந்த ஏற்பாடு கெட்டது. பின் சஸ்பென்ஷனும் சக்கரத்தை உள்பக்கம் மடக்கும் வகை. கார் ஆபத்தானதா என்பது பெரிய சர்ச்சையானது. 1972-ல் அரசு ஆய்வு, அதே காலத்து மற்ற கார்களைவிட அது மோசமில்லை என்றது.

கேள்வி: அப்படியென்றால் ரேஸ் கார்களில் எஞ்சினை நடுவில் வைப்பது ஏன்?

காவடியின் இரு முனையிலும் குடம் தொங்கவிட்டுக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். அதே எடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்புங்கள். கனமானவை காரின் நடுவே இருந்தால் ஸ்டியரிங் சொன்னவுடன் வண்டி திரும்பும். 1959-ல் ஜாக் பிராபம் கூப்பர் காரில் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றபோது, ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் வைத்த கார் பட்டம் வென்றது அதுவே முதல் தடவை. சில ஆண்டுகளில் எல்லோரும் மாறிவிட்டார்கள். ஆனால் சீக்கிரம் திரும்பும் கார் சீக்கிரம் சுழலவும் செய்யும்.

ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தானே, அதுவும் மிட் எஞ்சினா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெயர் வைத்துக்கொள்ளலாம்; உயரமும் ஒல்லி டயரும் அதை ரேஸ் கார் ஆக விடாது.

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் மழையில் பயமில்லைதானே?

கிளம்புவதற்குப் பயமில்லை. நிற்பதற்கு அது ஒரு உதவியும் செய்யாது. லீவர் போட்டு மாற்றும் வகையாக இருந்தால், காய்ந்த தார் ரோட்டில் 4 ஹையில் (நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் நிலை) ஓட்டாதீர்கள். திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் போகிற தூரம் வேறு, ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: இரண்டு டயர் மட்டும் புதிது வாங்கினேன். ஃப்ரன்ட் வீல் டிரைவ் என்பதால் கடைக்காரர் முன்னால் போட்டார். சரியா?

பின்னால் மாற்றச் சொல்லுங்கள். டயர் கம்பெனிகளே சொல்வது இதைத்தான். முன்னால் டயரின் பட்டன் (தரையைத் தொடும் மேடு பள்ளம்) தேய்ந்திருந்தால் தண்ணீரில் மூக்கு நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்னால் தேய்ந்திருந்தால் வண்டி சுற்றிவிடும். ஸ்டியரிங்கில் முன்கூட்டி எதுவும் தெரியாது.

கேள்வி: எலக்ட்ரிக் காரில் இந்தப் பேச்செல்லாம் உண்டா சார்?

உண்டு, ஆனால் பாதி கரைந்துவிட்டது. கனமான பேட்டரி தரைக்கு அடியில் படுத்துக்கிடக்கிறது, மோட்டார் சின்னது. அதனால் அதைப் பின்னால் வைத்தாலும் வால் கனக்காது. மஹிந்திரா பிஇ 6 அப்படித்தான். மிதித்தவுடன் முழு டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) வருவதால் ஈரத்தில் எலக்ட்ரானிக்ஸ்தான் காப்பாற்றுகிறது. சக்கரம் சும்மா சுற்றாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்து வீடியோ எடுக்கப் போகாதீர்கள்.

கேள்வி: லோடு இல்லாமல் வரும்போது என் பிக்கப் வண்டியின் பின்பக்கம் மழையில் ஆடுகிறது. என்ன செய்வது?

காலி பிக்கப்பில் தள்ளுகிற சக்கரத்தின் மேல் கனமே இல்லை, அதுதான் காரணம். முதலில் பின் டயரின் காற்றைப் பாருங்கள், லோடுக்கு அடித்த அழுத்தத்திலேயே இருக்கும். கம்பெனி சொன்ன காலி வண்டி அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஆடினால் இரண்டு மணல் மூட்டையைப் பின் அச்சுக்கு நேர் மேலே போட்டு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் முதல் சடன் பிரேக்கிலேயே கேபினில் வந்து மோதும்.