டர்போ போகவில்லை, அடங்காமல் ஓடுகிறது

கேள்வி: 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல், பழைய வண்டியாக வாங்கியிருக்கிறேன். ஊருக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை. ஏலகிரி ஏறும்போது மூன்றாவது கியரில் நன்றாக மிதித்தால், 3,000 ஆர்பிஎம் தாண்டியதும் சட்டென்று இழுவை செத்துவிடுகிறது. ஓரங்கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிறது. ஸ்கேனரில் பி1555 என்று வருகிறது. டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே நான் என்ன பார்க்கலாம்? சரியான பிறகு ரீமேப் (சக்தி கூட்ட இன்ஜின் கணினியின் மேப்பை, அதாவது அதில் எழுதியுள்ள கணக்கை, மாற்றுவது) செய்யலாமா?
வாசகர், காட்பாடி

பதில்: டர்போவுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பி1555 (வோக்ஸ்வாகன் குழும எண்ணில் 17963) என்றால் பூஸ்ட் அழுத்தம், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், மேல் வரம்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். தேய்ந்த டர்போவால் கேட்ட அழுத்தத்தையே கொடுக்க முடியாது. கேட்டதற்கு மேல் எங்கிருந்து கொடுக்கும்? அதற்கு வரக்கூடியது பி1556, நேர் எதிரான பிழை எண் (கோடு). உங்கள் டர்போ நன்றாகவே சுற்றுகிறது. அதை அடக்கும் ஏற்பாடுதான் எங்கோ கைவிட்டிருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு முழம் ரப்பர் ஓஸாக இருக்கும்.

இந்தியாவில் விற்ற முதல் தலைமுறை ஆர்எஸ்ஸில் இருப்பது 1,781 சிசி, 20 வால்வு, 150 பிஎஸ் இன்ஜின். டர்போ சின்னது, கே03. கம்பெனி வைத்த பூஸ்ட் அரை பாரை ஒட்டியதுதான். அழுத்தம் போதும் என்றதும் எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கை டர்பைன் சக்கரத்துக்குப் போகவிடாமல் திருப்பிவிடும் கதவு வேஸ்ட்கேட். அதைத் தள்ளித் திறப்பது ஆக்சுவேட்டர். ஆக்சுவேட்டரைத் தள்ளுவது டர்போவின் சொந்தக் காற்று. நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்75 என்ற சோலினாய்டு வால்வு. அதற்கு மூன்று வாய்: டர்போவிலிருந்து காற்று வரும் வாய், ஆக்சுவேட்டருக்குப் போகும் வாய், டர்போவுக்கு முன்னால் உள்ள இன்டேக் பைப்புக்குத் திரும்பும் வாய். கூடுதல் பூஸ்ட் வேண்டும் என்று ஈசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) நினைத்தால், ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றில் கொஞ்சத்தை மூன்றாவது வாய் வழியே வடித்துவிடும். கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும்.

ஆக்சுவேட்டருக்குப் போகும் ஓஸில் விரிசல் விட்டாலும் இதேதான் நடக்கும், ஈசியூவைக் கேட்காமலே. காற்று வழியிலேயே கசிகிறது, கதவு திறப்பதில்லை, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகிறது. இன்ஜினைக் காப்பாற்ற ஈசியூ பூஸ்ட்டை அடியோடு வெட்டிவிடுகிறது. சாவியை அணைத்தால் அந்தப் பாதுகாப்பு நிலை கலைந்துவிடும். காட்பாடி மேம்பாலத்தில் இது தெரியாமல் போவதற்குக் காரணம், அங்கே இரண்டு விநாடிக்கு மேல் முழுதாக மிதிக்க இடமில்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவில் 2,500 முதல் 3,500 ஆர்பிஎம்மில் வண்டி பாரம் சுமந்தபடியே நிற்கிறது. அதனால்தான் அங்கே மாட்டுகிறது.

இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு, விடியற்காலையில் ஆரம்பியுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் கறுப்பு ரப்பர் பைப்பின் பக்கத்தில் என்75-ஐக் காணலாம். அதன் மூன்று ஓஸ்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, முனைகளை வளைத்துப் பாருங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் ஓஸ், கிளிப் அமுங்கிய இடத்தில் வளைத்தால்தான் வாய் பிளக்கும். துணி பின்னிய பழைய ஓஸாக இருந்தால் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். துணிக்கு அடியில் ரப்பர் பொடியாகியிருப்பது வெளியே தெரியாது. பழைய துண்டைக் கையோடு எடுத்துப்போய் உள்விட்டம் பார்த்து வாங்குங்கள். உள்ளே நூல் பின்னிய, சுவர் தடித்த சிலிகான் ஓஸ்தான் வேண்டும். மெல்லிய சிலிகான், அழுத்தத்தில் பலூன் மாதிரி உப்பும். மீன் தொட்டி ட்யூப் இன்ஜின் சூட்டில் ஒரு வாரம்கூடத் தாங்காது; அதையும் மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முனைக்கும் கிளாம்ப் போடுங்கள்.

ஓஸ் சரியென்றால் அடுத்தது என்75. மல்டிமீட்டரில் அதன் இரண்டு பின்களுக்கு நடுவே 25 முதல் 35 ஓம் காட்ட வேண்டும். மின்சாரம் இல்லாத நிலையில், டர்போ பக்க வாயில் ஊதினால் காற்று ஆக்சுவேட்டர் வாய் வழியே வர வேண்டும். பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் 'டக்' என்று சத்தம் வந்து வழி மாற வேண்டும். பழைய வண்டியில் இன்னொன்றையும் கவனியுங்கள். முந்தைய சொந்தக்காரர் 'ரேஸ்' என்றோ ஜே வகை என்றோ வேறு என்75 போட்டிருக்கலாம். கம்பெனி மேப்போடு அவை ஒத்துப்போகாமல் பூஸ்ட் குதிக்கும்.

அடுத்தது ஆக்சுவேட்டர். கேஜ் உள்ள கைப்பம்ப்பை அதன் வாயில் மாட்டி மெதுவாக ஏற்றுங்கள். 0.3 பாரை ஒட்டிக் கம்பி அசையத் தொடங்கி, ஏற்றிய அழுத்தம் அப்படியே நிற்க வேண்டும். அழுத்தம் இறங்கினால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அழுத்தம் நின்றும் கம்பி அசையாவிட்டால் வேஸ்ட்கேட் கதவு துருவிலும் கரியிலும் இறுகியிருக்கிறது. கம்பியின் மறையில் ஸ்பேனர் தழும்பு தெரிந்தால் யாரோ பூஸ்ட் ஏற்றுவதற்காகக் கம்பியைக் குட்டையாக்கியிருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் கோடுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

கைப்பம்ப் கிடைக்காவிட்டால் குறுக்குவழி ஒன்று உண்டு. என்75-ன் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். இப்போது வால்வு எதையும் வடிக்காது. டர்போ காற்று முழுதும் ஆக்சுவேட்டருக்கே போகும். பூஸ்ட் 0.3, 0.4 பாரோடு நின்றுவிட வேண்டும். நின்றால் ஓஸும் ஆக்சுவேட்டரும் நல்லவை, குற்றவாளி என்75 அல்லது யாரோ ஏற்றிவைத்த மேப். அப்போதும் பூஸ்ட் எகிறினால் ஓஸ், ஆக்சுவேட்டர், கதவு இந்த மூன்றில் ஒன்று. இணைப்பைக் கழற்றியதால் புதிதாக ஒரு பிழைக் கோடு பதிவாகும். சோதனை முடிந்ததும் அழித்துவிடலாம்.

பூஸ்ட்டை எப்படிப் பார்ப்பது? சாதாரண புளூடூத் ஸ்கேனர் இங்கே போதாது. வண்டியை லேப்டாப்போடு இணைக்கும் கேகேஎல் 409.1 கேபிள் ஒன்று வாங்கி, பழைய லேப்டாப்பில் வோக்ஸ்வாகன் குழும வண்டிகளைப் படிக்கும் விசிடிஎஸ்-லைட் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் பகுதியில் 115-வது குரூப்பில் ஈசியூ கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் மில்லிபாரில் பக்கத்துப் பக்கத்தில் வரும். அது முழு அழுத்தம், அதாவது காற்று மண்டல அழுத்தமும் சேர்ந்தது. வேலூரில் அது சுமார் 990 மில்லிபார். 1,500 காட்டினால் உங்கள் பூஸ்ட் அரை பார். முதலில் இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். கிடைத்த அழுத்தம் 990-ஐ ஒட்டிக் காட்டவில்லை என்றால் அழுத்த சென்சாரே பொய் சொல்கிறது; டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் பக்கம் எண்ணெய் படிந்த சென்சாரில் இது சகஜம். கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பதை மலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், மூன்றாவது கியரில் 2,000 முதல் 4,000 ஆர்பிஎம் வரை போதும்; வேகம் 90-ஐத் தாண்டாது. லேப்டாப்பைப் பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம்.

டர்போவையும் பார்த்துவிடலாம், மெக்கானிக்குக்குப் பதில் சொல்ல வேண்டுமே. இன்டேக் பைப்பைக் கழற்றிக் கம்ப்ரஸர் சக்கரத்தின் நட்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மயிரிழை ஆட்டம் இருக்கும், இருக்கவும் வேண்டும். பிளேடு கூட்டில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் ஆட்டம் தெரியக் கூடாது. பைப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பதைக் காட்டி 'டர்போ சீல் போச்சு' என்பார்கள். கிராங்க்கேஸ் காற்று (இன்ஜின் அடிப்பாகத்திலிருந்து வரும் எண்ணெய் ஆவி கலந்த காற்று) அந்தப் பைப்பில்தான் சேர்கிறது, அந்தப் படலம் அதன் வேலை. எண்ணெய் குட்டையாகத் தேங்கி, நீலப் புகையும் வந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

இத்தனை வயதான வண்டியில் கசிவுச் சோதனையையும் கையோடு செய்துவிடுவது நல்லது. காற்று அளவை சென்சாரைக் கழற்றிவிட்டு, இன்டேக் பைப்பின் வாயை அடைக்க பிவிசி மூடி ஒன்று, அதில் பஞ்சர் கடையில் கிடைக்கும் ட்யூப்லெஸ் வால்வு ஒன்று. அளவு பொருந்தாவிட்டால் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத்தில் ஒரு அடைப்பு கடைந்து தருவார்கள். இன்டேக் பைப்பில் சேரும் கிராங்க்கேஸ் ஓஸைக் கழற்றி அந்த வாயை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று இன்ஜினுக்குள் புகுந்து ஆயில் சீலைத் தள்ளும். 10 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் கிராங்க்கேஸ் ஓஸ்கள் இந்த இன்ஜினில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அங்கே கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தச் சோதனையில், ஆக்ஸிலரேட்டரை விடும்போது மிச்ச பூஸ்ட்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு மட்டும் தப்பித்துவிடும். அதன் இரு பக்கமும் ஒரே அழுத்தம் இருப்பதால் கசிவு தெரியாது. அதைத் தனியே கழற்றி, பிஸ்டனை உள்ளே அமுக்கிப் பிடித்து, மேலே உள்ள சின்ன வாக்கம் வாயை விரலால் அடைத்துவிட்டுப் பிஸ்டனை விடுங்கள். அப்படியே நின்றால் டயாஃப்ரம் நல்லது. உடனே திரும்பி வந்தால் கிழிந்தது. மாற்றுவதானால் 06ஏ 145 710என் எண்ணுள்ள வால்வு, புதியதாக. சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் பாடி பேனலும் லைட்டும் வாங்கலாம். டயாஃப்ரம் உள்ள எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

விசிடிஎஸ்-லைட்டில் குரூப் 032-ல் பெட்ரோல் திருத்த சதவீதங்கள், அதாவது ஈசியூ பெட்ரோலைக் கூட்டும் குறைக்கும் அளவுகள், வரும். இரண்டாவது எண் +6, +8 என்று இருந்தால் உடனே கசிவைத் தேடி ஓடாதீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலைவிட அதற்கு 7, 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. இந்த வண்டியின் மேப் அதற்காக எழுதப்பட்டதல்ல. முதல் எண், அதாவது ஐடிலிங் திருத்தம், தனியாக எகிறினால்தான் வாக்கம் கசிவு. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைக்கும் என்பதால் பெட்ரோல் ஓஸ்களை வாசனை பிடித்துப் பாருங்கள்; ஈரம் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

இனி ரீமேப். கே03-ல் பூஸ்ட்டை 0.9, 1 பார் வரை ஏற்றி 190 பிஎஸ்ஸை ஒட்டி எடுப்பது வெகுகாலமாக நடப்பதுதான். ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் குளிர்நாட்டுக் கணக்கு. இந்த வண்டியின் இன்டர்கூலர் சின்னது, வலது முன்சக்கரத்துக்கு முன்னால் பம்பருக்குள் ஒளிந்திருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது, இரண்டு முறை மிதித்தாலே அது சூடாகிச் சும்மா நிற்கும். சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் தானாகவே வெடிப்பது) வரும், ஈசியூ இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், அதாவது பிளக் பொறியைத் தாமதமாக்கும், காசு கொடுத்து வாங்கிய சக்தி காணாமல் போகும். குரூப் 020-ல் நான்கு சிலிண்டருக்கும் எவ்வளவு டிகிரி பின்னுக்கு இழுக்கிறது என்று மத்தியான வெயிலில் பாருங்கள். 3, 4 வரை சரி. கம்பெனி மேப்பிலேயே 6-ஐத் தாண்டினால் ரீமேப்பை மறந்துவிட்டு முன்பக்க இன்டர்கூலருக்குச் செலவழிக்கலாம். எங்களைக் கேட்டால் இந்த ஊருக்கு அதுதான் முதல் மாற்றம். ரீமேப் செய்தால் உயர் ஆக்டேன் பெட்ரோல் எப்போதும் வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அதற்கு முன் இன்ஜின் முழு சக்தியில் இருக்கிறதா என்று ஓர் எண்ணில் பார்க்கலாம். குரூப் 003-ல் காற்று அளவு கிராம் கணக்கில் வரும். இரண்டாவது கியரில் 5,500 வரை முழுதாக மிதித்தால் விநாடிக்கு 120 கிராமை ஒட்டி வர வேண்டும், அதை 0.8 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட குதிரைத்திறன். 90-க்குள் நின்றால் சென்சார் அழுக்கு அல்லது கசிவு.

ரீமேப்போடு பிளக்கும் மாறும். என்ஜிகே பிகேஆர்7இ, இடைவெளி 0.7 மி.மீ., ஆறிய இன்ஜினில் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு. இக்னிஷன் காயில் நான்கும் பழையது என்றால் கூடுதல் பூஸ்ட்டில் முதலில் தடுமாறுவது அதுதான். டைமிங் பெல்ட் எப்போது மாறியது என்று தெரியாவிட்டால் டென்ஷனர், உலோக இறக்கை உள்ள வாட்டர் பம்ப் சேர்த்து இப்போதே மாற்றுங்கள். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை அடித்து வளைத்துவிடும். ஆயில் வோக்ஸ்வாகன் 502.00 தரத்தில், 8,000 கி.மீ.க்கு ஒரு முறை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். புகைச் சான்றிதழ் கிடைக்காது. ஆர்சி விவரங்களோடு முரண்படும் மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு தடுக்கிறது. ரீமேப்பை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மறைத்தாலும் கிளெய்ம் சிக்கலாகும்.

கிளட்ச் இன்னும் கம்பெனியுடையதா என்றும் பாருங்கள். ஐந்தாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதிக்கும்போது வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் தனியாக ஏறினால், 150 பிஎஸ்ஸையே அது தாங்கவில்லை. ரீமேப் கடைக்குப் போகும் முன் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும்.