அணுக்கரு இயற்பியலாளர் என்ன வேலை செய்வார்? வூ அம்மையாரை வைத்து ஒரு பதில்

அணுக்கரு இயற்பியல் படித்தால் அணுகுண்டும் அணுமின் உலையும்தானா, குடும்பத்துக்கு நேரம் கிடைக்குமா, சம்பளம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. மாணவர்களுக்கு அணுக்கரு ஆய்வகம் எடுப்பவன் நான். பொதுவாகப் பேசுவதைவிட, எனக்குப் பிடித்த ஒருவரின் வாழ்க்கையைச் சொன்னால் மூன்றுக்குமே பதில் வந்துவிடும். சியன் ஷியுங் வூ: 1912இல் ஷாங்காய்க்குப் பக்கத்தில் லியூஹே என்ற சிற்றூரில் பிறந்தவர், 1997இல் நியூயார்க்கில் காலமானவர்.

அப்பா பெண்களுக்காகவே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கி நடத்தியவர். அதனால் படிப்புக்கு வீட்டில் தடை இல்லை. சூஜோவில் ஆசிரியப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்தார். அங்கே கணிதமும் அறிவியலும் குறைவு. மற்றப் பிரிவு மாணவிகளிடம் புத்தகத்தை இரவல் வாங்கி, ராத்திரியில் தானாகவே படித்துக்கொண்டார். நான்ஜிங்கில் பட்டம் முடித்து 1936இல் கப்பலேறினார். போக நினைத்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு. வழியில் பெர்க்லியைப் பார்த்தார். மிச்சிகனில் மாணவர் சங்கக் கட்டடத்தின் முன்வாசல் வழியே பெண்கள் போகக் கூடாது என்று காதில் விழுந்ததும் பெர்க்லியிலேயே தங்கிவிட்டார். அணுத்துகள்களை வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் கருவி இருந்த இடம் அது. இயற்பியலுக்கு அந்த வாசல் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

குண்டு பற்றிக் கேட்டீர்கள். அதில் அவருக்குப் பங்கு உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. 1944இல் அமெரிக்கா அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தில் சேர்ந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கதிர்வீச்சு அளவிடும் கருவிகளில் வேலை பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அந்தத் திட்டத்துக்காக ஹான்ஃபோர்டில் கட்டிய புது அணு உலையை இயக்கியபோது, சில மணி நேரத்தில் அது தானாகவே மந்தமாகி நின்றது. பிறகு தானாகவே உயிர்பெற்றது. செனான்-135 என்ற வாயு உலைக்குள் சேர்ந்து, உலையை ஓட்டும் நியூட்ரான்களை விழுங்குவதுதான் காரணம். அந்த செனானைப் பெர்க்லியில் ஆராய்ந்தவர்களில் வூவும் ஒருவர். அவருடைய வெளிவராத கட்டுரையைத்தான் அவசரமாகத் தேடிப் பிடித்தார்கள். வடிவமைப்பில் கூடுதலாக விட்டிருந்த குழாய்களிலும் யுரேனியத்தை நிரப்பி உலையை ஓட்டினார்கள்.

ஆனால் வூவின் உண்மையான பெருமை எனக்கு வேறிடத்தில் தெரிகிறது. சில அணுக்கருக்கள் எலக்ட்ரானை வெளியே தள்ளி வேறு தனிமமாக மாறுவது பீட்டா சிதைவு. அதில் வெளிவரும் எலக்ட்ரான்களில் எத்தனை வேகமாக வரும், எத்தனை மெதுவாக வரும் என்று 1934இல் இத்தாலிய இயற்பியலாளர் ஃபெர்மி ஒரு கோட்பாடு தந்தார். பலரும் அளந்து பார்த்தார்கள். மெதுவான எலக்ட்ரான்கள் கணக்கைவிட அதிகமாகவே வந்தன. ஃபெர்மிக்குப் போட்டியாக வேறு கோட்பாடும் கிளம்பிவிட்டது. வூ கோட்பாட்டைத் தொடவில்லை, அளக்க எடுத்த கதிரியக்கப் பொருளை, அதாவது மாதிரியை, சந்தேகப்பட்டார்.

எங்கள் ஆய்வகத்தில் பீட்டா கதிர் தரும் மூலத்துக்கும் கதிரை எண்ணும் கைகர் குழாய்க்கும் நடுவே அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகி, எண்ணிக்கை குறைவதை மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். தகடு ஆற்றலை உறிஞ்சுகிறது. மூலமே தடிமனாக இருந்தால்? அதுவே தகடாகிவிடும். உள்ளே பிறந்த எலக்ட்ரான் வெளியே வருவதற்குள் வேகத்தை இழந்துவிடும். கதிரியக்கத் தாமிரம் கலந்த காப்பர் சல்ஃபேட் கரைசல் உலரும்போது படிகங்களாகத் திட்டுத்திட்டாகப் படியும், அதுதான் வினை. வூ கரைசலில் சோப்புப்பொடி வகையறா ஒன்றைச் சேர்த்தார். அது ஒரே சீராக, மெல்லிய படலமாகப் பரவிக் காய்ந்தது. அளந்தார்கள். ஃபெர்மி சொன்ன வளைவு அப்படியே வந்தது. 1949இல் இது வெளியானது. பதினைந்து ஆண்டு வழக்கைத் தீர்த்தது மாதிரி தயாரிக்கத் தெரிந்த கை!

இதைச் சொல்லாமல் நேரே 1956க்குத் தாவி, ‘நோபல் மறுக்கப்பட்ட பெண்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இயற்கை இடம் வலம் பார்க்காது என்பது அதுவரை எல்லோரும் நம்பிய விதி. பீட்டா சிதைவை நடத்தும் பலவீன விசைக்கு அது பொருந்தாமல் போகலாம் என்றார்கள் கோட்பாட்டு இயற்பியலாளர்கள் லீயும் யாங்கும். கோபால்ட்-60 அணுக்கருக்களைக் கிட்டத்தட்ட தனிச்சுழி வெப்பநிலைவரை (அதற்குக் கீழே குளிர்விக்கவே முடியாத, சுமார் மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) குளிரவைத்து, எல்லாவற்றின் சுழற்சியையும் ஒரே பக்கம் திருப்பி, எலக்ட்ரான்கள் இரு பக்கமும் சமமாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தக் குளிருக்கான வசதி வாஷிங்டனில் தேசியத் தர நிர்ணய நிலையத்தில்தான் இருந்தது. நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் வூ ரயிலில் அலைந்தார். மாதிரியைக் குளிரவைக்க அதைச் சுற்றி வைக்கும் படிகங்களைக் கொலம்பியாவில் கண்ணாடிக் குவளையில் வளர்த்தார்கள். துளை போட்டால் உடைந்துபோகும். பல் மருத்துவர் பயன்படுத்தும் துளைகருவியால்தான் காரியம் ஆனது.

எலக்ட்ரான்கள் சுழற்சிக்கு எதிர்ப்பக்கமே அதிகம் வந்தன. மாதிரி சூடாகச் சூடாக, சில நிமிடங்களில் அந்த வித்தியாசம் மறைந்தது. குளிர்ந்தபோது மட்டும் வருகிறது, சூடானால் போகிறது என்றால் அது சுழற்சியால்தான், கருவிக் கோளாறால் அல்ல. பலவீன விசை இடம் வலம் பார்க்கிறது! திரும்பத் திரும்பச் சரிபார்த்து, 1957 ஜனவரி 9 அதிகாலை இரண்டு மணிக்கு முடித்தார்கள். குழுவில் ஹட்சன் மேசை இழுப்பறையிலிருந்து 1949ஆம் ஆண்டு பிரெஞ்சு வைன் புட்டியை எடுத்து, காகிதக் கோப்பைகளில் ஊற்றினார்.

அந்த ஆண்டே நோபல் பரிசு லீக்கும் யாங்குக்கும் போனது. வூவுக்கு இல்லை. அநியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வூவுக்காகக் கொடி பிடிப்பவர்கள், வாஷிங்டன் குழுவின் ஆம்ப்ளர், ஹேவர்ட், ஹாப்ஸ், ஹட்சன் என்ற நால்வரையும் மறந்துவிடுவது எனக்கு உறுத்துகிறது. அவர்களின் குளிர்நுட்பம் இல்லாமல் இந்தச் சோதனையே கிடையாது.

குடும்பம்? கணவர் லூக் யுவானும் இயற்பியலாளர், புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வேலை. ஒரே மகன், அவரும் இயற்பியலுக்கே வந்தார். வீடு கொலம்பியாவுக்குப் பக்கத்திலேயே. 1956இல், சீனாவை விட்டு வந்து இருபது ஆண்டு ஆனதற்காகக் கணவனும் மனைவியும் கப்பலில் ஐரோப்பா போய், அப்படியே ஆசியாவுக்கும் போவதாகச் சீட்டுப் பதிவு செய்திருந்தார்கள். சோதனையை வேறு யாராவது முந்திவிடுவார்கள் என்று வூ தங்கிவிட, யுவான் தனியாகப் போனார். பெற்றோர் விஷயம்தான் கொடுமை. போரும் அரசியலும் குறுக்கே வந்ததில், 1936இல் துறைமுகத்தில் விடைபெற்றதே கடைசி. மறுபடி சீனாவுக்குப் போக முடிந்தது 1973இல். அப்போது பெற்றோர் உயிரோடு இல்லை, கலாச்சாரப் புரட்சியில் அவர்களின் கல்லறைகளும் சிதைக்கப்பட்டிருந்தன.

மாணவர்களிடம் கறார். நடுராத்திரியிலும் ஆய்வகத்தில் விளக்கு எரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். இன்றைய பிள்ளைகள் யாரும் அவரிடம் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பார்களா என்பது சந்தேகமே.

கடைசியாக, சம்பளம். கொலம்பியாவில் அவர் முழுப் பேராசிரியரானது 1958இல். அதற்குப் பிறகும் ஆண் சகாக்களைவிடக் குறைவாகத்தான் வாங்கிவந்தார். 1975இல் துறைத்தலைவராக வந்த ராபர்ட் செர்பர் கணக்கைப் பார்த்துச் சரிசெய்தார். வூ அமெரிக்க இயற்பியல் கழகத்தின் முதல் பெண் தலைவராக இருந்ததும் அதே ஆண்டுதான்.