வாசலைத் தாண்டாத மூட்டைகள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் சேர்ந்துபோன பொருள்களைப் பற்றி இந்த இதழுக்கு ஏராளமான கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கருத்துடைய கேள்விகளை ஒன்றாக்கி, சுருக்கி, விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: ஆண்டுக்கு இரண்டு முறை வீடு முழுவதையும் ஒழுங்குபடுத்துகிறேன். ஆனாலும் சில மாதங்களுக்குள் அலமாரிகள் மீண்டும் பிதுங்குகின்றன. எங்கிருந்து தொடங்குவது என்பதிலேயே தவறு செய்கிறேனா?

பதில்: சென்ற முறை பிரித்தெடுத்த மூட்டைகள் இன்னும் மாடிப்படியின் கீழேயே கிடக்கின்றன என்று உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது. வேண்டாத பொருளைப் பிரித்தெடுப்பது பாதி வேலைதான். அது வாசலைத் தாண்டுவது மறுபாதி. முதல் பாதியை முடித்த களைப்பிலும் மனநிறைவிலும் இரண்டாம் பாதியை நாளைக்கென்று தள்ளிவைக்கிறோம். தள்ளிவைத்த மூட்டையை வீட்டிலுள்ள யாரோ ஒருவர் ஏதோ தேவைக்காக அவிழ்க்கிறார். உள்ளிருந்தவை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன.

எனவே அலமாரியைத் திறப்பதற்கு முன்பே வெளியேறும் வழியை முடிவு செய்யுங்கள். துணிகள் யாரிடம் போகும், புத்தகங்களை யார் பெற்றுக்கொள்வார்கள், உடைந்த மின்சாதனங்களை எங்கே கொடுப்பது, எந்த நாளில், யார் எடுத்துச் செல்வது என்பதைப் பேசி உறுதி செய்துகொண்ட பிறகு, அந்த நாளுக்கு முந்தைய நாள் பிரிக்கத் தொடங்குங்கள். வீடு முழுவதையும் ஒரே மூச்சில் கலைக்க வேண்டாம். ஒரு தட்டு அல்லது ஓர் இழுப்பறை போதும். ஆனால் எடுத்துக்கொண்ட அந்த ஒரு தட்டை முழுமையாகக் காலி செய்யுங்கள். நிறைந்திருக்கும் தட்டைப் பார்த்து எதை எடுத்துவிடலாம் என்று யோசிக்கும்போது, எல்லாமே இருக்கட்டும் என்ற முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிடுகிறது. காலியான தட்டின் முன் அமர்ந்து எதைத் திரும்ப வைக்கலாம் என்று கேட்டால், ஒவ்வொரு பொருளும் தனக்கான காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய ரசீதுகள், காலாவதியான மருந்துகள், எந்தக் கருவிக்குரியது என்று தெரியாத ஒயர்கள் போன்ற, மனத்தைத் தொடாத பொருள்களிலிருந்து தொடங்குவது நல்லது. புகைப்படப் பெட்டியைத் திறந்து தொடங்கியவர்கள் மாலைவரை அங்கேயே அமர்ந்திருப்பார்கள். இன்னொன்று: அடுக்கிவைக்கப் புதுப் பெட்டிகளும் கூடைகளும் வாங்குவதை வேலை முடியும்வரை தள்ளிப்போடுங்கள். அடைசலைக் குறைப்பதற்கென்று வாங்கிய பெட்டிகளே அடைசலாகிப்போன வீடுகள் பல உண்டு.

கேள்வி: அதிக விலை கொடுத்து வாங்கிய உடற்பயிற்சிக் கருவி ஒன்று ஆண்டுக்கணக்கில் மூலையில் நிற்கிறது. விற்கலாம் என்றால், கேட்பவர்கள் சொல்லும் விலை மனத்தை உறுத்துகிறது. வைத்திருக்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை.

பதில்: செலவான பணம் வாங்கிய அன்றே போய்விட்டது. கருவியை இன்னும் பத்து ஆண்டுகள் வைத்திருந்தாலும் அதில் ஒரு காசும் திரும்பப்போவதில்லை. அது அடைத்துக்கொண்டிருக்கும் இடமும், பார்க்கும்போதெல்லாம் எழும் குற்றவுணர்வும் அந்தச் செலவோடு கூடுதலாகச் சேர்ந்துகொண்டே போகும்.

கேட்கப்படும் விலை உறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. உளவியல் அறிஞர் டேனியல் கானமன், பொருளியல் அறிஞர்கள் ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காப்பிக் குவளைகளைக் கொடுத்துவிட்டு, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். குவளை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். சற்று முன்னர்தான் குவளையைப் பெற்றவர்கள், வாங்க விரும்பியவர்கள் சொன்ன தொகையைப் போல ஏறத்தாழ இருமடங்கு கேட்டார்கள். சில நிமிட உரிமையே மதிப்பை இவ்வளவு உயர்த்துமானால், ஆண்டுக்கணக்கில் நம்மோடு இருந்த பொருளை நாம் எப்படி எடைபோடுவோம் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: இந்தக் கருவி இன்று உங்களிடம் இல்லை, வேறொருவர் வீட்டில் இதே நிலையில் விற்பனைக்கு இருக்கிறது என்றால், என்ன விலை கொடுத்து வாங்குவீர்கள்? அந்தத் தொகைதான் நீங்கள் எதிர்பார்க்கத் தக்க விலை. விடை பூஜ்யம் என்று வந்தால், தேவைப்படுபவருக்கு இலவசமாகக் கொடுப்பதிலும் உங்களுக்கு நட்டமில்லை.

கேள்வி: ஓராண்டு உடுத்தாத துணியைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்களே, சரிதானா?

பதில்: அன்றாடத் துணிகளுக்குச் சரி. குளிர்காலத்துக்கோ பயணத்துக்கோ முக்கிய நிகழ்ச்சிகளுக்கோ என்று இருப்பவற்றுக்கு இன்னும் ஓராண்டு கூட்டிக்கொள்ளுங்கள். உடல் இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருப்பவற்றுக்கு ஓராண்டே அதிகம்.

கேள்வி: என் கணவர் எதையும் விடமாட்டார். பழைய செய்தித்தாள், பழுதான வானொலி, வெற்று அட்டைப்பெட்டி எல்லாம் அவருக்கு வேண்டும். அவர் வெளியூர் சென்றிருக்கும்போது எடுத்துப் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. அவர் இல்லாதபோது நீங்கள் அகற்றும் ஒவ்வொரு பொருளும், எஞ்சிய பொருள்களை அவர் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளக் காரணமாகும். அட்டைப்பெட்டி போய்விடும், அதைப் பற்றிய சந்தேகம் வீட்டிலேயே தங்கிவிடும்.

ஆனால் உங்கள் எரிச்சலையும் நான் சிறிதாக எண்ணவில்லை. அமெரிக்காவில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த ஆய்வொன்றில், தம் வீட்டைப் பற்றிப் பேசும்போது அடைசலையும் முடியாத வேலைகளையும் அதிகமாகக் குறிப்பிட்ட மனைவியருக்கு, நாள் முழுவதும் படிப்படியாகக் குறைய வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் போதிய அளவு குறையவில்லை. அடைசல்தான் காரணம் என்று இதைக் கொண்டு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. எனினும், ஒரே அறையில் இருவர் இருந்தாலும் அந்த அறை இருவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல இது உதவும்.

பேச வேண்டியது பொருளைப் பற்றி அன்று, இடத்தைப் பற்றி. கூடம், சமையலறை, நடைவழி ஆகியவை இருவருக்கும் பொது. அங்கே தரையில் எதுவும் இருக்கக் கூடாது. அவருக்கென்று ஓர் அலமாரியோ பரணின் ஒரு பகுதியோ ஒதுக்குங்கள். அதற்குள் என்ன வைப்பது என்பது முழுக்க அவர் விருப்பம். அது நிரம்பிவிட்டால், புதியது ஒன்று வர பழையது ஒன்று போக வேண்டும். எது போவது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். கூடவே, நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் உங்கள் பொருள்களை முதலில் அவர் கண்முன்னால் கழித்துக்காட்டுங்கள். கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

ஓர் எச்சரிக்கை. படுக்கையில் படுக்கவும் அடுப்பைப் பயன்படுத்தவும் இடமின்றிப் பொருள்கள் குவிந்து, எதையேனும் அகற்ற வேண்டும் என்ற எண்ணமே ஒருவருக்குத் தாங்க முடியாத துன்பத்தைத் தருமானால், அது பிடிவாதமோ சோம்பலோ அன்று. பொருள் பதுக்கும் இந்தக் கோளாறை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தனி நோயாக வகைப்படுத்தியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. அந்த நிலையில் உதவ வேண்டியவர் மனநல மருத்துவர்.

கேள்வி: அம்மா காலமாகிச் சில மாதங்கள் ஆகின்றன. அவர் அறை அப்படியே இருக்கிறது. உறவினர்கள் சீக்கிரம் ஒழித்துவிடு என்கிறார்கள். எதைத் தொட்டாலும் அம்மாவையே வெளியேற்றுவதுபோல் இருக்கிறது.

பதில்: வீட்டைக் காலி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாதவரை உங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. முதல் சில மாதங்களில் செய்தே ஆக வேண்டியவை இரண்டுதான்: பத்திரம், காப்பீடு, வங்கி தொடர்பான ஆவணங்களைத் தேடி எடுத்துப் பாதுகாப்பது, மீதமிருக்கும் மருந்துகளை அப்புறப்படுத்துவது. ஆவணங்கள் புத்தகங்களின் நடுவிலும், பழைய கைப்பைகளின் உள்ளறையிலும், துணிகளின் மடிப்பிலும்கூட இருக்கக்கூடும். அதனால் எதையும் மூட்டையாகத் தூக்கிக் கொடுக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

எஞ்சியவற்றைத் தொடும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வைத்திருந்த பொருள்கள் வேறு, அம்மா விரும்பிய பொருள்கள் வேறு. ஒருவர் அறையில் இருப்பவற்றில் பெரும்பகுதி, நம் அறைகளில் இருப்பதைப் போலவே, அவரும் கழிக்க நேரமில்லாமல் விட்டுவைத்தவையே. யாரோ கொடுத்த பரிசுப்பொருளும் உபயோகிக்காத படுக்கை விரிப்பும் அவர் நினைவைச் சுமப்பவை அல்ல. அவர் நாள்தோறும் கையாண்ட பேனா, அணிந்த மூக்குக்கண்ணாடி, ஓரத்தில் குறிப்பெழுதிய புத்தகம் போன்றவைதான் அவர் நினைவைச் சுமப்பவை. இவற்றில் சிலவற்றைத் தேர்ந்து, பெட்டியில் பூட்டாமல், நீங்கள் பயன்படுத்தும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால், எண்ணிக்கையிலும் விலையிலும் சமமாகப் பங்கிட முயலாமல், ஒவ்வொருவருக்கும் மிக முக்கியமான ஒன்று எது என்று முதலில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் எல்லோரும் ஒரே பொருளைக் கேட்பதில்லை.

கொடுத்துவிடத் தீர்மானித்து, ஆனாலும் மனம் வராத பொருள்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மலிவான ஆறுதலாகத் தோன்றினாலும் இதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், நினைவு தோய்ந்த பொருள்களை முதலில் படமெடுத்துவிட்டு, பிறகு நன்கொடையாக அளியுங்கள் என்று கேட்டுக்கொள்ளப்பட்ட விடுதியினர், நேரடியாக நன்கொடை கேட்கப்பட்டவர்களைவிட அதிகமான பொருள்களைக் கொடுத்தார்கள். பொருளோடு நினைவும் போய்விடுமோ என்ற அச்சம்தான் நம்மைத் தடுக்கிறது. படம் அந்த அச்சத்தைக் குறைக்கிறது.

புகைப்படங்களைக் கடைசியில் எடுங்கள். மங்கியவற்றையும், ஒரே காட்சியின் பல படங்களையும், யாரென்று எவருக்கும் தெரியாதவர்களின் படங்களையும் கழித்துவிடலாம். வைத்துக்கொள்பவற்றில் இருப்பவர்களின் பெயர்களை, அடையாளம் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை காலப்போக்கில் மறுபுறம் ஊறிவிடக்கூடும். பிவிசி பிளாஸ்டிக் உறை போட்ட ஆல்பங்களும் ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பங்களும் படங்களைக் கெடுப்பவை. அமிலமற்ற காகித உறைகளுக்கு மாற்றுவது நல்லது. வெப்பமும் ஈரமும் மாறிமாறித் தாக்கும் பரணில் படங்களை வைக்க வேண்டாம்.

கேள்வி: குழந்தையின் பொம்மைகளைக் குறைத்தால் ஏங்கிப்போவானோ?

பதில்: இல்லை. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 36 சிறு குழந்தைகள் ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விடப்பட்டனர். 4 பொம்மைகள் இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பலவிதமாக விளையாடினார்கள். ஒரு பகுதியை எடுத்துவைத்துச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றிக் கொடுங்கள். தூங்கும்போது அவன் கட்டிக்கொள்ளும் கிழிந்த போர்வையை மட்டும் தொடாதீர்கள். அது எப்போது வேண்டாம் என்பதை அவனே சொல்வான்.

கேள்வி: தூக்கிப் போடுவதைவிட எல்லாவற்றையும் தானமாகக் கொடுத்துவிடுவது நல்லதல்லவா?

பதில்: பெறுபவர் உடனே பயன்படுத்தும் நிலையில் இருந்தால் நல்லது. பொத்தான் அறுந்த சட்டையும் துண்டுகள் குறைந்த விளையாட்டுப் பெட்டியும் தானம் ஆகா. நாம் செய்ய வேண்டிய கழிக்கும் வேலையை இன்னொருவர் தலையில் கட்டுவதாகவே அமையும். கொடுப்பதற்கு முன் வேண்டுமா என்று கேட்பதும், வேண்டாம் என்றால் வருந்தாமல் இருப்பதும் அவசியம்.

கேள்வி: எங்கள் மேசை இழுப்பறை ஒன்றில் பழைய கைப்பேசிகள், மின்கலங்கள், உடைந்த வெப்பமானி, பழைய காகிதங்கள் எல்லாம் கிடக்கின்றன. குப்பையில் போடப் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவது சரியே. 2022ஆம் ஆண்டில் உலகில் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம் மட்டுமே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. எஞ்சியவற்றில் ஒரு பகுதி உங்களுடையது போன்ற இழுப்பறைகளில்தான் இருக்கிறது.

உப்பிப்போன மின்கலம் இருந்தால் அதை இன்றே தனியாக எடுத்து, எரியக்கூடிய பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வையுங்கள். குத்தவோ அழுத்தவோ மின்னேற்றவோ கூடாது. லித்தியம் மின்கலங்களின் முனைகளில் ஒட்டுநாடாவைச் சுற்றி, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் அவை தீப்பற்றும். வெப்பமானி பாதரசம் கொண்டதாக இருந்தால், உடைந்த துண்டுகளோடு மூடியுள்ள கலத்தில் இறுக மூடி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். சிந்திய பாதரசத்தைத் துடைப்பத்தாலோ தூசி உறிஞ்சும் இயந்திரத்தாலோ எடுக்காதீர்கள், அது ஆவியாக அறையெங்கும் பரவும்.

கைப்பேசிகளைக் கொடுப்பதற்கு முன் படங்களை வேறிடத்தில் நகலெடுத்து, கணக்குகளிலிருந்து வெளியேறி, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டு, தொழிற்சாலை அமைப்புக்கு (ஃபேக்டரி ரீசெட்) திரும்பச் செய்யுங்கள். படங்களை ஒவ்வொன்றாக அழிப்பது மட்டும் போதாது; அழித்த கோப்புகளை மீட்கும் மென்பொருள்கள் உண்டு.

காகிதங்களில் கணக்கு எண்ணோ கையெழுத்தோ உள்ளவற்றைப் பொடிப்பொடியாகக் கிழித்த பிறகே போடுங்கள். உத்தரவாதம் இன்னும் முடியாத பொருள்களின் ரசீதுகளை மட்டும் பிரித்தெடுத்து இன்றே நகல் எடுங்கள். மையில்லாமல் வெப்பத்தால் அச்சாகும் வெப்பத்தாளில் அச்சான ரசீது சில ஆண்டுகளில் வெற்றுத் தாளாகிவிடும். உங்கள் இழுப்பறையில் அப்படி வெளுத்துப்போனவை ஏற்கெனவே சில இருக்கும், அவற்றை யோசிக்காமல் போடலாம்.